எடுக்க மாட்டான்

அப்பாவின் போனில் மூன்று புள்ளிகள் எந்தெந்த மூலையில் இருக்கின்றன என்பது அன்று காலை பத்தரை மணிக்குள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மேலே வலது ஓரத்தில் ஒரு மூன்று. அதைத் தொட்டால் விரியும் பட்டியலுக்குள் இன்னொரு மூன்று. அதற்குள் செட்டிங்ஸ், செட்டிங்ஸுக்குள் அழைப்புப் பதிவு, அதற்குள் 'எல்லா அழைப்புகளையும் பதிவு செய்' என்று ஒரு பொத்தான். பொத்தான் பச்சையாக இருந்தது. இரண்டு வருடமாகப் பச்சையாகத்தான் இருக்கிறதாம். போன் விற்ற கடைக்காரர் வைத்துக் கொடுத்தது. எல்லாவற்றையும் பதிவு செய்கிறேன் என்று ஒப்புக்கொண்ட அந்தப் போன், எங்கே வைத்திருக்கிறேன் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் சாவியை எடுத்து வைக்கிறவர்களும் இதே ஜாதிதான்.

மதியம் மூன்று மணிக்கு அப்பாவுக்கு விசாரணை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனி. முப்பத்தோரு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று, போன மாதம் ஒரு காலையில், ஆறாம் மாடித் தரைக்கு நான்கு விரல் கீழே நின்று கதவைத் திறந்தது. ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் வெளியே கால் வைத்துத் தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கோளாறு ஆபத்தானது என்று யாரும் தனக்குச் சொல்லவே இல்லை என்று கட்டடத்தின் செக்ரட்டரி எழுதிக் கொடுத்துவிட்டார். போனில் சொன்னேன் என்றார் அப்பா. சொன்னதைக் காட்டு, இல்லையென்றால் வேலை இல்லை என்றது கம்பெனி. கடிதம் அவ்வளவு சுருக்கமாக இல்லைதான். ஆனால் மூன்று பக்கத்தையும் பிழிந்தால் சொட்டுவது அதுதான்.

அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் இருப்பவள். பயந்து வருகிறவர்களைப் பதினைந்து வருடமாகச் சமாதானப்படுத்தி அவள் குரலே அப்படி ஆகிவிட்டது. "அவசரப்படாத, மெதுவா பாரு, இதோ முடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறந்து காட்டாததுதான் பாக்கி.

அப்பா மேசையின் மறுபக்கம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இடது கையை மூன்றாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டைக்கு இன்னொரு கை இருப்பது அவருக்கு நினைவில் இல்லை போலிருந்தது. காலையிலிருந்து அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான். "விடுடா, கிடைக்காது."

வேலை போகப்போவது இவருக்கு. வியர்ப்பது எனக்கு. விடுடா என்பது இவர்.

கடைசியில் ஃபைல் மேனேஜருக்குள் போய், மெமரி கார்டுக்குள் போய், ஒரு ஃபோல்டருக்குள் இருந்த இன்னொரு ஃபோல்டரில் கண்டுபிடித்தேன். நாலாயிரத்துச் சொச்சம் பதிவுகள். கை தட்டலாம் என்று நினைத்த நேரத்தில் தேதியைப் பார்த்தேன். நாலாயிரத்துக்கும் ஒரே தேதி, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாலாயிரம் பேரிடம் பேசியிருக்க வாய்ப்பில்லை. அன்றுதான், போனில் இடம் இல்லை என்று அவர் புலம்பியதற்காக, நான் பெரிய மனது பண்ணி எல்லாவற்றையும் கார்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். மாற்றிய தேதியையே போன் பிறந்த தேதியாக எழுதிக்கொண்டுவிட்டது. அழைப்புப் பட்டியலில் பார்க்கலாம் என்றால், அதைத் தினமும் வேலை முடிந்ததும் அழித்துவிடுவது அப்பாவின் வழக்கம். டூல் பெட்டியைத் துடைத்து வைக்கிற மாதிரி அதையும் துடைத்து வைப்பார்.

"தேதி போனா என்ன? பேரை வச்சுத் தேடு" என்றாள் அம்மா.

அங்கேதான் அப்பாவின் தொழில் வந்து குறுக்கே படுத்தது.

அப்பா யாரையும் பெயர் போட்டுச் சேமிப்பதில்லை. கோளாறு போட்டுச் சேமிப்பார். போன் அடித்தால் திரையில் 'கதவு உரசுது' என்று வரும். எடுத்து, "வந்துர்றேன் சார்" என்பார். ஆள் யார் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். போய்ச் சரி செய்துவிட்டால் அந்த எண்ணின் பெயரை 'ஓடுது' என்று மாற்றிவிடுவார். அடுத்த மாதம் அங்கே பட்டன் அமுங்கவில்லை என்றால் 'பட்டன்'. அப்புறம் மறுபடி 'ஓடுது'. இப்போதைக்கு அவர் போனில் பத்தொன்பது 'ஓடுது' இருந்தன. அதில் ஒன்று அம்மா. கல்யாணமான இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட மாறாத ஒரே பதிவு அதுதான் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆகவே செக்ரட்டரியின் எண் இப்போது 'விழுந்துட்டாங்க' என்று இருந்தது. அந்தப் பெயரில் இருந்த பதிவுகள் எல்லாம் விபத்துக்குப் பிந்தையவை. அவற்றில் செக்ரட்டரி கத்துவார். அப்பா பேசவே மாட்டார். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய பெயர். பதிவுகளோ, பேசிய நாளில் என்ன பெயர் இருந்ததோ அந்தப் பெயரோடும் ஒரு வரிசை எண்ணோடும் கிடந்தன.

"அன்னிக்கு அவரை என்னன்னு போட்டு வச்சிருந்தீங்க?"

"ஞாபகம் இல்ல."

எந்தக் கட்டடத்தில் எந்த வருடம் எந்த மோட்டாரை மாற்றினார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனிதர்.

தேட ஆரம்பித்தேன். 'ஆடுது' என்ற பெயரில் நாற்பது பதிவுகள், ஐந்து வெவ்வேறு மனிதர்கள். 'நடுவுல நிக்குது' அறுபது. 'நாய் ஏறுது' என்று ஒன்று இருந்தது. அது லிஃப்டின் கோளாறு இல்லை என்று ஒரு பெண்ணுக்கு அப்பா பொறுமையாக ஆறு நிமிடம் விளக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு பேசினார், பயத்தில் அவருடைய மாமனாரைத் திட்டினார்; கதவு திறக்கும் வரை அப்பா "ஆமாங்க, ஆமாங்க" என்று அந்த மாமனாரைப் பற்றி ஒத்துக்கொண்டே இருந்தார். எல்லாப் பதிவிலும் அப்பாவின் குரல் ஒரே உயரத்தில் இருந்தது. "சரிங்க. பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது. வந்துர்றேன்." ஒன்றரை மணி நேரத்தில் அந்த வரியை இருநூறு முறை கேட்டிருப்பேன். கல்லூரியில் நண்பர்கள் கேட்டால் நான் செய்து காட்டுகிற குரல் அது. கடைசியில் லேசாக இழுக்க வேண்டும், 'துர்றேன்' என்று. நான் செய்வது நன்றாகவே இருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மணி பன்னிரண்டு ஆனது. எரிச்சல் தலைக்கு ஏறியிருந்தது. இந்த வீட்டில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், மனிதர்களுக்கு மனிதப் பெயர் வைத்திருந்தால் நான் இந்நேரம் குளித்திருப்பேன் என்று சொன்னேன். அப்பா நான்காவது முறையாக இடது கையைத் தேய்த்தார்.

அம்மாதான் திடீரென்று நிமிர்ந்தாள். "என்னங்க, அந்தச் செக்ரட்டரி லிஃப்ட் படி மாதிரி நிக்குதுன்னு சொன்னார்னு சாப்பிடும்போது சொல்லிச் சிரிச்சீங்களே? சரியான ஆளுன்னு?"

இஸ்திரிப்பெட்டி நின்றது. துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் அப்பா அதைத் தூக்கி வைத்தார். "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று உள்ளே போனார்.

'படி மாதிரி நிக்குது' என்ற பெயரில் மூன்று பதிவுகள் இருந்தன. முதல் இரண்டில் செக்ரட்டரி புகார் சொன்னார். மூன்றாவதைத் தொட்டேன். மோட்டார் இரைச்சல், ஏதோ ஒரு கட்டடத்து மொட்டை மாடி மெஷின் ரூமிலிருந்து அப்பா பேசுகிறார்.

"சார், காலையில உங்க லிஃப்ட்ட பாத்தேன். பிரேக் லைனிங் தேஞ்சிருக்கு. இப்ப ஒரு விரல் கீழ நிக்குது, போகப்போக ஜாஸ்தி ஆகும். ஆபீஸ்ல கேட்டேன், பார்ட் வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் நீங்க..."

டொக், டொக் என்று நடுவில் சத்தம். இன்னொரு அழைப்பு வரும் சத்தம்.

"சார், ஒரு நிமிஷம் சார். என் பையன் கூப்பிடுறான். அவன் கூப்பிடவே மாட்டான். என்னமோ ஏதோ தெரியல. எடுத்துட்டு உடனே கூப்பிடுறேன்."

"எடுங்க, எடுங்க" என்றார் செக்ரட்டரி, நல்ல மனிதராக. பதிவு முடிந்தது. ஐம்பத்தெட்டு நொடி.

நான்காவது பதிவு இல்லை. மறுபடி தேடினேன், இல்லை. அதுவரைக்கும் நீங்க லிஃப்டை நிறுத்தி வையுங்க என்பது, லிஃப்ட் மாதிரியே, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ கூப்பிட்டியா? எதுக்கு?"

நான் கூப்பிடவில்லை. அதைச் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன். நான் அப்பாவைக் கூப்பிடுவதில்லை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெருமைப்பட வேண்டியதில்லை, ஆனால் அன்று பயன்பட்டது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பதிவும் இருக்கும், எடு என்றாள். என் பெயரில் எதுவும் வரவில்லை. 'மகன்' என்று போட்டேன், 'தம்பி' என்று போட்டேன், வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டேன்.

"உன் பேர் எடுக்க மாட்டான்" என்றாள் அம்மா.

"என்ன எடுக்க மாட்டான்?"

"போன். அதான் பேரு. அப்பா போட்டது. போன வருஷம் 'சார்ஜ் இல்லை'ன்னு இருந்த. அதுக்கு முன்னாடி 'வந்துட்டேன்னு சொல்வான்'."

'எடுக்க மாட்டான்' என்று ஏழு பதிவுகள் இருந்தன. ஆறு, இருபது நொடிக்குள். அப்பா சாப்பிட்டாயா என்று கேட்க, நான் அப்புறம் பேசறேன் என்று சொல்லும் பதிவுகள். ஏழாவது பதினொரு நிமிடம் நாற்பது நொடி. நானும் அப்பாவும் பதினொரு நிமிடம் பேசிய நாள் ஒன்று இருந்திருந்தால் நாட்காட்டியில் குறித்து வைத்திருப்போம். தொட்டேன்.

முதலில் துணி உரசும் சத்தம். "ஹலோ. டேய். கேக்குதா? எங்க இருக்க? ஹலோ." இது அப்பா, பதறிய குரலில். பதில் இல்லை. மறுபடி உரசல். தூரத்தில் தட்டுச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், பல பேர் சிரிப்பு. கல்லூரி கேன்டீன். என் பேன்ட் பாக்கெட் தன் பாட்டுக்கு அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறது. பாக்கெட்டுக்கு வெளியே, கொஞ்சம் மங்கலாக, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்கும்படி, என் குரல்.

"சரிங்க. பயப்படாதீங்க. ஒண்ணும் ஆகாது. வந்துர்றேன்."

சிரிப்பு. நான் தொடர்கிறேன். உலகத்திலேயே லிஃப்டில் போகாத ஒரே ஆள் லிஃப்ட் மெக்கானிக்தான். லிஃப்ட் ஓடினால் அவரைக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டால் லிஃப்ட் ஓடாது, பன்னிரண்டு மாடியும் படியேறிப் போய், மூச்சு வாங்கிக்கொண்டே 'ஒண்ணும் ஆகாது' என்பார். இந்த இடத்தில், கேன்டீன் சிரிப்புக்கு மேலே, போனுக்கு மிக அருகில், இன்னொரு சிரிப்பு கேட்டது. சின்னது. மூக்கால் சிரிப்பது. அப்பா.

அம்மா கையை நீட்டி நிறுத்தப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அடுத்த வரியும் தெரியும், அதற்கு எவ்வளவு சிரிப்பு விழும் என்றும் தெரியும்.

"எங்கப்பா இருபத்திரண்டு வருஷமா ஊரையே மேல ஏத்தி விட்டுட்டு இருக்கார்டா. அவரு மட்டும் இன்னும் கிரவுண்ட் ஃப்ளோர்."

மேசை தட்டும் சத்தம். யாரோ விசில் அடிக்கிறார்கள். போனுக்கு அருகில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது நிமிடம் நான் பேசியிருக்கிறேன். விடைத்தாள் திருத்துகிறவர்கள், ஹாஸ்டல் வார்டன், மறுபடி கொஞ்சம் அப்பா. மோட்டார் ஒரு இடத்தில் ஓடுகிறது, நிற்கிறது. மூச்சு மட்டும் கேட்கிறது. பதினொரு நிமிடமும் அவர் வைக்கவே இல்லை. கடைசியில் வைத்தது என் பாக்கெட்தான்.

நான் நிமிர்ந்தபோது அப்பா சமையலறை வாசலில் தண்ணீர் டம்ளரோடு நின்றார். டம்ளர் நிறைந்தே இருந்தது.

"கிடைக்காதுன்னு சொன்னேன்ல" என்றார்.

அம்மாகூட மெதுவா, இதோ முடிஞ்சிரும் என்று சொல்லவில்லை. கேன்டீனில் ஒரு மேசையை ஒரு மணி நேரம் உட்கார வைக்கிற எனக்கு ஒரு வரி அகப்படவில்லை. அன்று மெஷின் ரூமில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்ததாகவும், பிறகு ஆபீஸிலிருந்து வேறொரு கட்டடத்துக்குக் கூப்பிட்டதாகவும், ஓடியதாகவும், செக்ரட்டரியை மறுபடி கூப்பிட மறந்ததாகவும் அப்பா தானாகச் சொன்னார். ஒரு ரிப்போர்ட் படிப்பது மாதிரி. "மறந்தது நான். போன் இல்ல, நீயும் இல்ல. அந்த டீச்சரம்மா கை எந்தக் கணக்குல வரும்?"

அம்மாவுக்கு ஒரு வழி தோன்றியது. ஒரு வாரம் ஆகும் என்பதோடு வெட்டிவிட்டால் என்ன? அதுவரை கேட்டாலே போதும், யாரும் சொல்லவில்லை என்ற செக்ரட்டரியின் பேச்சு பொய் என்று ஆகிவிடும். என்னால் வெட்ட முடியும், ஐந்து நிமிட வேலை. காலையிலிருந்து முதல் முறையாக எனக்குத் தெரிந்த ஒரு வேலை வந்திருந்தது. போனில் மூன்று புள்ளிகளைத் தொட்டேன்.

அப்பா கையை நீட்டினார். "பாதியில நிக்கிறத நான் சரிபண்றவன்டா. பாதியில நிறுத்தி எடுத்துட்டுப் போகச் சொல்றியா? முழுசா போடறேன். பையன் கூப்பிட்டான், எடுத்தேன், திரும்பக் கூப்பிடல. அவ்வளவுதான்."

"அப்போ ரெண்டாவதையும் போடுங்க. ஏன் கூப்பிடலன்னு கேப்பாங்கல்ல."

"அது ஆபீஸ் விஷயம் இல்ல."

என் எண்ணைத் தட்டி, இப்போது நான் என்னவாக இருக்கிறேன் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அந்த அழைப்புக்குப் பிறகு ஒரு மாதம் ஓடிவிட்டது. எங்கள் வீட்டில் பெயர் அவ்வளவு நாள் தங்காது. ஆனால் போன் அப்பாவின் சட்டைப் பைக்குள் போய்விட்டது. இடது கை கத்தி மாதிரியும் வலது கை கசங்கியும் இருந்த அந்தச் சட்டையோடுதான் அவர் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கம்பெனி அலுவலகம் ஐந்தாவது மாடி. லிஃப்ட் கம்பெனியின் லிஃப்ட் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தது. அப்பா பழக்கத்தில் படிப்பக்கம் திரும்பிவிட்டார். நான் பின்னாலேயே ஏறினேன். மூன்றாவது மாடியில் அவர் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கினார். என் கேன்டீன் நிகழ்ச்சியில் இந்த இடத்தில் நான் நாக்கைத் தொங்கப் போடுவேன். மாடி விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விசாரணை அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. கதவில் ஊழியர்கள் மட்டும் என்று எழுதியிருந்தது. அதற்குக் காவலாக ஒரு பியூன், நான் எழுந்தால் அவரும் எழுந்தார்; நான் உட்கார்ந்தால் உட்கார்ந்தார். உள்ளே மேனேஜர், கண்ணாடி போட்ட ஒரு அம்மா, அப்பா. மெல்லிய கதவு. அப்பாவின் போன் பேசுவது கேட்டது. பிரேக் லைனிங். ஒரு விரல். ஒரு வாரம். அதுவரைக்கும் நீங்க. பிறகு அந்த வரி: அவன் கூப்பிடவே மாட்டான். இரண்டாவது முறை கேட்கும்போது அந்தக் குரலில் பதற்றத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. சந்தோஷம் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் அது எனக்குக் கேட்கவில்லை.

மேனேஜரின் குரல். "சரி, பையன் கூப்பிட்டான். அப்படி என்ன பேசினீங்க, செக்ரட்டரியைத் திரும்பக் கூப்பிட முடியாத அளவுக்கு?"

நாற்காலி ஒன்று நகர்ந்தது. "சொல்லுங்க. எழுதணும்" என்றது அந்தக் கண்ணாடி அம்மாவின் குரல். பதில் வரவில்லை. தரைக்குக் கீழே நான்கு விரல் தள்ளி நின்றுகொண்டு கதவைத் திறக்காமல் இருந்தார் அப்பா.

நான் எழுந்தேன். பியூனும் எழுந்தார். ஊழியர்கள் மட்டும் என்பதை விரலால் காட்டினார், எனக்குப் படிக்கத் தெரியாது என்பது போல. வாக்குவாதம் செய்ய நேரமில்லை. போனை எடுத்தேன். என் போனில் அவர் சாதாரணமாக 'அப்பா' என்றுதான் இருக்கிறார். அதைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு கண்ணாலும் பார்த்து, விரலால் தொட்டுக் கூப்பிட்டேன். எடுத்தால், ரெண்டாவதையும் போடுங்க, இல்லாவிட்டால் கதவைத் திறக்கச் சொல்லுங்க, நானே செய்து காட்டுகிறேன் என்று சொல்லலாம் என்று இருந்தேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. மேசை மரத்தில் போன் அதிர்ந்து நகர்வது கேட்டது. மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அந்த அம்மா லேசாகக் கனைத்தார். திரையில் இப்போது என் பெயர் என்ன என்று உள்ளே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. பியூன் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது. அப்பா எடுக்கவும் இல்லை, துண்டிக்கவும் இல்லை.